மாசி மகத்துக்குள் படகு தயார்: பினாங்கு அனுபவங்கள்

தெலுக் பகாங் வாசி:

தைப்பூசக் கூட்டம் கலைந்ததும் எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், படகுப் பேச்சு ஆரம்பித்துவிடும். குளிர் நாடுகளில் படகை மாதக்கணக்கில் கரையில் மூடி வைத்து, வசந்தம் வந்ததும் தயார் செய்வார்கள். நமக்கு அந்த ஓய்வு இல்லை. மலாக்கா நீரிணையின் தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருப்பதால், படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும், பாசியும் வளர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு வாய்ப்பது வாடைக்காற்றுக் காலத்தின் கடைசியில் வரும் வறண்ட நாட்கள்தான். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிட்டால் சாயம் நிம்மதியாகக் காயாது.

கரையேற்றும் நாளை அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஓரிரு நாளில் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும். அட்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அவ்வளவாக ஏறாது. ஆகவே ஒரு அமாவாசை ஏற்றத்தில் படகை மேலே இழுத்தால், அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில் இறக்கலாம். நடுவில் வேலைக்கு இரண்டு வாரம் கிடைக்கும். எங்கள் ஊர் சிங்கமுக காளியம்மன் கோவில் தேர் மாசி மகத்தன்று கடலில் மிதக்கும். அதற்குள் படகு தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். 2025இல் சிவராத்திரி பிப்ரவரி 26, மகம் மார்ச் 12. சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் ஏற்றினால் கணக்கு சரியாக வந்தது. 2024இல் மகம் பிப்ரவரி 24ஆம் தேதியே வந்துவிட்டது, சிவராத்திரி அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட ஆண்டில் தை அமாவாசையை விடக்கூடாது.

மேலே ஏறிய அன்றே சுரண்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது கொட்டலசு கையோடு வரும். இரண்டு நாள் வெயில் பட்டுவிட்டால் அதன் அடித்தட்டு கல்லாக ஒட்டிக்கொள்ளும், பிறகு ஃபைபரையே கீறித்தான் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நனைத்த உப்புத்தாளால் தேய்க்கிறோம். காய்ந்த தேய்ப்பில் பழைய சாயத்தின் செம்புத்தூள் மூச்சில் போகும். கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசும் சாயத்தில் முன்பு டிபிடி என்ற தகரச் சேர்மம் கலந்திருந்தது. சிப்பி, நத்தை இனங்களைக் கெடுத்ததால் 2008 முதல் உலக அளவில் தடை. இப்போது கிடைப்பது பெரும்பாலும் செம்பு ஆக்சைடுதான், அதையும் மணலில் கொட்டிவிட்டு வருவது பாவம். கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை மூட்டை கட்டி எடுத்துப் போங்கள்.

போன தடவை எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு படகில், மிச்சமிருந்த செம்புச் சாயத்தை அவுட்போர்டின், அதாவது பின்பக்கம் மாட்டும் இன்ஜினின், அலுமினியக் காலிலும் பூசியிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். சாயம் உப்பி, அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. இன்ஜின் காலுக்கென்றே செம்பில்லாத சாயம் இருக்கிறது.

பத்து மாவுங்கிலிருந்து:

தம்பி சொன்னது ஃபைபருக்குச் சரி. மரப் படகு வைத்திருப்பவர்கள் இரண்டு வார வெயிலை நம்பி விட்டுவிடாதீர்கள். பலகை காய்ந்தால் சுருங்கும், இடுக்குகள் திறந்துகொள்ளும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மலாய்த் தச்சர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், வெயில் விழும் பக்கம் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்வார். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். சாயம் பூசும் பகுதியை மட்டும் நிழலில் காய விடுவேன்.

முதல் வேலை சாயம் அல்ல, ஊசி. கூரான ஊசியால் அடிப்பலகையை அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். எளிதாக உள்ளே போனால் புழு துளைத்திருக்கிறது. வெளியே குண்டூசித் துளைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். அந்தப் பலகையை மாற்றாமல் மேலே சாயம் பூசுவதில் பிரயோசனம் இல்லை. அப்புறம் கலப்பத்து வேலை. பஞ்சுத் திரியை இடுக்கில் அடித்து இறக்க வேண்டும், ஆனால் அளவாக. இறுக்கமாக அடைத்தால் பலகை நனைந்து உப்பும்போது ஆணியே தெறிக்கும். பாக்சிக் காலத்தில் கெலாம் மரப்பட்டையை அடைத்து, மேலே டாமார் பிசினும் எண்ணெயும் கலந்த காலா-காலாவைப் பூசுவார்கள். இப்போது கடையில் வாங்கும் மக்குதான்.

இறக்கிய முதல் இரவு தண்ணீர் வரும். பயப்பட வேண்டாம், பலகை உப்பியதும் நிற்கும். பம்பும் பேட்டரியும் தயாராக இருக்கட்டும், யாராவது ஒருவர் படகிலேயே படுத்துக்கொள்ளட்டும்.

பட்டர்வொர்த் மெக்கானிக்:

அண்ணன்மார் இருவரும் அடிப்பகுதியைச் சொல்லிவிட்டார்கள், நான் இன்ஜினுக்கு வருகிறேன். என்னிடம் வரும் அவுட்போர்டுகளில் சூடாகிக் கெட்டவைதான் அதிகம். காரணம் அநேகமாக இம்பெல்லர். தண்ணீரை உறிஞ்சும் அந்த ரப்பர் சக்கரத்தின் இதழ்கள், ஓடாமல் கிடந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். விலை குறைந்த பொருள், கரையேற்றும்போதே மாற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜின் காலை இறக்கி வைத்து ஓட்டுங்கள், பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் திடமாகப் பீய்ச்ச வேண்டும்.

கியர் எண்ணெயை இறக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றுவதால் அது சரியாகாது, சீலை மாற்றியே ஆக வேண்டும். போன வருஷம் கோலா மூடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், சும்மா எண்ணெய் மாற்றத்தான் வந்தேன் என்றார். நிறத்தைக் காட்டியதும் புரிந்துகொண்டு அன்றே சீல் போடச் சொன்னார். கியர் பற்கள் அப்போது நன்றாகத்தான் இருந்தன. நல்ல நேரத்தில் வந்தார்.

தஞ்சோங் தோக்கோங் பெண்:

எங்கள் வீட்டில் கடைசிப் பெட்டி என் பொறுப்பு: பாதுகாப்பு ஜாக்கெட், ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீப்பந்தச் சமிக்ஞை, தீயணைப்பான், டார்ச். ஜாக்கெட்டின் வாரையும் தையலையும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். வெயிலில் இற்றுப்போன நூல் பார்வைக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்குப் போன வருஷத்து அளவு இந்த வருஷம் சேராது, போட்டுப் பார்க்க வேண்டும். சமிக்ஞையில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும்.

இதை இறக்குவதற்கு முன்பே முடிக்கச் சொல்வதற்குக் காரணம், ஏப்ரலுக்குப் பிறகு வரும் சுமத்ரா காற்று. விடியலுக்கு முன் மேற்கே கரும் வரிசையாக எழும்பி, கொஞ்ச நேரத்தில் கடலைப் புரட்டிவிடும். என் தம்பி பூலாவ் கெண்டி பக்கம் அதில் மாட்டியபோது எல்லோரும் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். அலையைப் படகின் மூக்கில் வாங்கியபடி மெதுவாக ஓட்டி, காற்று ஓயும்வரை காத்திருந்து வந்து சேர்ந்தான். கைபேசி நனையாமல் உறையில் இருக்கட்டும். 999 அழைத்தால் கடல்சார் அமலாக்கத்துக்கும் இணைப்பார்கள். விஎச்எஃப் வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசை.

அண்ணே, இன்ஜின் காலில் வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கிறதே, அதற்கும் சாயம் அடிக்கலாமா?

தெலுக் பகாங் வாசி:

கூடாதும்மா. அது தானே கரைந்து இன்ஜினைக் காப்பாற்றும் அனோடு. சாயம் மூடினால் அது கரையாது, பக்கத்து உலோகம்தான் கரையும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதிதைத் திருகும் இடத்தில் சாயமும் துருவும் இல்லாமல் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும். பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம்.