வி-கிராஸில் பெரிய டயர்: கியர் விகிதத்தை மாற்றாமல் மலை ஏற முடியுமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டி, 1.9 லிட்டர் டீசல், மேனுவல் கியர். இப்போது 255/60 ஆர்18 டயர் இருக்கிறது (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்). தோட்டத்துப் பாதையில் பாறைகள் அடிப்பகுதியில் இடிப்பதால் 265/65 ஆர்18 போட நினைக்கிறேன். பெரிய டயருக்கு ஈடாக அச்சின் கியர் விகிதத்தில் (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றும் என்பதில்) கை வைக்கும் எண்ணம் இல்லை. அதற்கான செலவு என்னால் முடியாது.

கணக்குப் போட்டால் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டரிலிருந்து 802 ஆகிறது. தரை இடைவெளி 19 மில்லிமீட்டர்தான் கூடும், ஆனால் ஒவ்வொரு கியரும் 5 சதவீதம் நீளும், அதாவது அதே எஞ்சின் சுற்றில் வேகம் கூடி, இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 105-ஐ ஒட்டியிருக்கும். அது பரவாயில்லை. சமவெளியிலும் கவலை இல்லை.

என் பயமெல்லாம் கொடைக்கானல் மலைப்பாதைதான். பின்னால் சுமையோடு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் அதிகம் தேயுமா? இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிப்பு (ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தைக் குறைப்பது) போதுமா, பிரேக் சூடாகிறதா? ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசுகிறதா?

கடைக்காரர்கள் எல்லாம் சரியாக இருக்கும் என்றுதான் சொல்கிறார்கள். இதே அளவில், சுமையோடு மலையில் ஓட்டியவர்களின் அனுபவம்தான் எனக்கு வேண்டும். 265/60 போதும் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.