சிறைச்சாலைக்காரன் வீட்டில் தொட்டில் இருந்ததா?

பொறையார்க்காரன்:
நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகன் ஒரு குரல் பதிவைப் போட்டிருந்தார். பதினொரு நிமிடம். பேசுகிறவர் யாரோ ஒரு பிரசங்கியார். சாரம் இதுதான்: குழந்தையில் ஞானஸ்நானம் என்று தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டவன் எவனும் இவாஞ்சலிக்கல், அதாவது சுவிசேஷக் கிறிஸ்தவன், கிடையாதாம். லுத்தரன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) எல்லாம் ரோமாபுரியிலிருந்து, அதாவது கத்தோலிக்கத்திலிருந்து, கிளம்பிப் பாதி வழியில் பஸ் பழுதாகி நின்ற கூட்டமாம். கேட்டபிறகு காபி தொண்டையில் இறங்கவில்லை.

இவாஞ்சலிக்கல் என்ற சொல்லே எங்கள் வீட்டுச் சொல். 1919இல் உருவான எங்கள் சபையின் பெயர் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. நடுவில் நிற்கும் 'சுவிசேஷ' என்ன, ஒட்டுத்துணியா? 1706இல் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். மனந்திரும்புதல், வீட்டில் வேதம் வாசித்தல், மிஷனரி அனுப்புதல் என்று இன்றைக்கு இவர்கள் மேடையில் கத்துகிற அத்தனையும் அங்கே இருந்தது. அவரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபையின் குருதான்.

வசனம் வேண்டுமா? அப்போஸ்தலர் 16:33. பவுலைக் காவலில் வைத்திருந்த பிலிப்பி ஊர்ச் சிறைச்சாலைக்காரனும் 'அவனுடையவர்கள் அனைவரும்' நள்ளிரவில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அனைவரும் என்றால் அனைவரும்தான். முடிந்தது வழக்கு.

பெரேயா_வாசகன்:
ஐயாவுக்கு வந்தனம். நான் பாப்டிஸ்ட், விசுவாசித்துப் பெறுவதே ஞானஸ்நானம் என்கிறவன். சொல் யாருடைய சொத்து என்பதில் எனக்கு வழக்கில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி. அந்த வீட்டில் குழந்தை இருந்ததாக வசனம் எங்கே? முந்தின வசனத்தையும் படியுங்கள். வீட்டிலிருந்த அனைவருக்கும் வசனத்தைப் போதித்தார்கள் என்று இருக்கிறது. தொட்டிலில் கிடந்ததற்கா பவுல் போதித்தார்?

பொறையார்க்காரன்:
தம்பி, இல்லை என்று வசனம் எங்கே? ரோமக் காலத்து வீடு என்றால் மனைவி, மக்கள், அடிமைகள், அடிமைகளின் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தது. அத்தனை பேரில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை என்றால் அது சிறைச்சாலையா, முதியோர் இல்லமா?

பெரேயா_வாசகன்:
ஊகத்தைக் கேட்கவில்லை ஐயா, வசனத்தைக் கேட்டேன். 34ஆம் வசனம் அவன் 'தன் வீட்டார் அனைவரோடுங்கூட' விசுவாசமுள்ளவனானான் என்கிறது. வீட்டார் எல்லாரும் விசுவாசித்தார்கள். கைக்குழந்தை விசுவாசிக்குமா?

பொறையார்க்காரன்:
வந்தீரா வழிக்கு. 34ஐ நிதானமாகப் படியும். 'விசுவாசமுள்ளவனாகி மனமகிழ்ச்சியாயிருந்தான்.' ஆகி, இருந்தான். ஒருமை! கிரேக்கத்திலும் அந்தச் சொல் ஆண்பால் ஒருமைதான். விசுவாசித்தவன் ஒருவன். வீட்டார் கூட இருந்தார்கள், மகிழ்ந்தார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். தமிழ் இலக்கணம் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவனிடம் வந்து வினைமுற்றோடு விளையாட வேண்டாம்.

பெரேயா_வாசகன்:
'அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் போனான்' என்றால் அண்ணன் மட்டுமா போனான்? குடும்பம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டதா? முப்பத்திரண்டு வருஷப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சும்மா_வந்தேன்:
பஸ் திரும்பவும் பழுதாகிவிட்டது போல.

நாசரேத்துக்காரி:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. நான் சிஎஸ்ஐ. எங்களிடம் குழந்தைக்கும் கொடுக்கிறோம், பெரியவராகி வருகிறவருக்கும் கொடுக்கிறோம். குழந்தையில் பெற்றவர் விவரம் தெரிந்தபின் திடப்படுத்தலில் தன் வாயால் அறிக்கை செய்கிறார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றானபோது இதற்காக யாரும் குஸ்தி போடவில்லை. லுத்தரன் அண்ணாச்சிமார்தான் வரவில்லை. பாப்டிஸ்டும் வரவில்லை. இப்போது வராத இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போடுகிறீர்கள்.

பொறையார்க்காரன்:
அம்மா, நாங்கள் வராததற்குக் காரணம் உண்டு. நற்கருணையைப் பற்றி எங்களுக்கு உறுதியான உபதேசம் இருக்கிறது. கூட்டுக்குழம்பில் எல்லாம் ஒரே ருசி என்று எங்களால் சொல்ல முடியாது. அதைத் தனியாகப் பேசலாம். இப்போது பேச்சு ஒருமை.

ஜீவநதி_77:
ஸ்தோத்திரம் பிரதர்ஸ். நான் பெந்தெகொஸ்தே. படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பா பரம்பரைச் சபைக்காரர். 61 வயதில் ஒரு பம்புசெட் தொட்டியில் முழுக்கு எடுத்தார். வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்ட, குளிரில் பல் கிட்டித்துக்கொண்டே அல்லேலூயா சொன்னார். சிமெண்டுத் தொட்டியின் பாசியில் வழுக்கிப் பாஸ்டரும் கூடவே உள்ளே விழுந்தார், அது வேறு கதை. அப்பா ஐந்து வருஷம் கழித்து இறந்தபோது பழைய சபைக் கமிட்டி பதிவேட்டில் பெயர் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தைத் திறக்கவில்லை. என் தாத்தா, பாட்டி எல்லாம் உள்ளே. அப்பா எங்கள் தென்னந்தோப்பில். தலையில் தெளித்த நாலு சொட்டுக்குத்தான் இவ்வளவு பாசம்.

நாசரேத்துக்காரி:
தம்பி, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுஞானஸ்நானம் எடுத்தால் பெயரை எடுப்பார்கள் என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்குமே?

ஜீவநதி_77:
தெரியும் சகோதரி. மறு ஞானஸ்நானம் என்று சொல்லாதீர்கள், முதல் ஞானஸ்நானம். கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது மட்டும் பதிவேட்டில் பெயர் இருந்தது.

பொறையார்க்காரன்:
எபேசியர் 4:5, 'ஒரே ஞானஸ்நானம்'. எங்களிடம் கொடுக்கிறவர் கடவுள். அவர் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவரைப் பொய்யராக்குவது. உங்களிடம் மனுஷன் சாட்சி கொடுக்கிறான். சாட்சி திருப்தி இல்லாவிட்டால் மறுபடி தொட்டி. எத்தனை பேர் மூன்று தரம் முழுகியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரேயா_வாசகன்:
கல்லறை இடமாவது பரவாயில்லை. 1527 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கையைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். குற்றம், விசுவாசித்துப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொன்னது. கொன்றது போப்பு அல்ல, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்களின் நகரசபை. தண்ணீர்தானே கேட்டாய், இந்தா என்று.

பொறையார்க்காரன்:
அது ஸ்விங்கிளி என்ற வேறொரு சீர்திருத்தக்காரரின் ஊர். லுத்தருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வீட்டுக்காரன் கடனுக்கு என் வாசலில் வந்து நிற்காதீர்.

பெரேயா_வாசகன்:
சரி, உங்கள் வாசலுக்கே வருகிறேன். 1529இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரத்தில் பேரரசின் சபை கூடியது. லுத்தரன் பிரபுக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அதனால்தான் புராட்டஸ்டண்ட் என்ற பெயரே வந்தது. அதே கூட்டத்தில்தான் பெலிக்ஸ் மான்ஸ் போன்ற மறுஞானஸ்நானக்காரருக்கு மரணதண்டனை என்ற ஆணையும் பிறந்தது. தங்கள் மனசாட்சிக்காக எதிர்த்தவர்கள் எங்களுக்காக எதிர்த்தார்களா? அடுத்த வருஷமே உங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை 9ஆம் பிரிவில் எங்களைக் கண்டித்து எழுதினீர்கள்.

பொறையார்க்காரன்:
2010இல் ஷ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலக மாநாடு அதற்காக அந்த மறுஞானஸ்நானக்காரரின் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. படியும்.

பெரேயா_வாசகன்:
படித்தேன். கொன்றதற்கு மன்னிப்பு. கருத்து அப்படியேதான். சரி, குழந்தை இருந்ததாக வசனம்?

பொறையார்க்காரன்:
இல்லை என்று வசனம்?

சும்மா_வந்தேன்:
யாராவது ஒருத்தர் பிலிப்பிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.

பொறையார்க்காரன்:
சும்மா வந்தவர் சும்மா இருக்கலாம். விஷயத்துக்கு வருகிறேன். மருமகனின் பிரசங்கியார் சொன்னபடி குழந்தையில் தெளிக்கப்பட்டவன் இவாஞ்சலிக்கல் இல்லை என்றால் யார் யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்று பாருங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி: 1791இல் சாகும்வரை ஆங்கிலிக்கன் குரு, குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதரவாக எழுதியவர். வெளியே. ஜான் ஸ்டாட்: 1974இல் இவாஞ்சலிக்கல் மாநாடு வெளியிட்ட லோசான் உடன்படிக்கையை எழுதிய குழுவின் தலைவர், உலக இவாஞ்சலிக்கல்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர், ஆங்கிலிக்கன் குரு. வெளியே. அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாமின் மனைவி ரூத், கடைசிவரை குழந்தைக்கும் கொடுக்கிற பிரெஸ்பிட்டீரியன். அவரும் வெளியே. உள்ளே மீதி இருப்பது யார்? குரல் பதிவு போட்டவரும் அவருடைய மைக்கும்.

பெரேயா_வாசகன்:
பில்லி கிரஹாமே பிரெஸ்பிட்டீரியன் வீட்டில் வளர்ந்து, 1938இல் புளோரிடாவில் முழுக்கு எடுத்தவர். அந்தப் பாதியை விழுங்கிவிட்டீர்கள். அப்புறம் லண்டன் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன். 1864இல் அவர் நேரடியாகக் கேட்டது இதைத்தான்: ஞானஸ்நானத்தில் குழந்தை மறுபடி பிறக்கிறது என்று ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் வாசித்துவிட்டு, அதை நம்பவில்லை என்று சொல்லும் இவாஞ்சலிக்கல் குருமார் எந்த மனசாட்சியோடு சம்பளம் வாங்குகிறார்கள்? எதிர்ப்பு வந்தது. இவாஞ்சலிக்கல் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பையே விட்டு வெளியேறினார். அதுதான் நேர்மை.

பொறையார்க்காரன்:
ஸ்பர்ஜனா! நேர்மையைப் பற்றி அவரிடமா கேட்பது? 1874இல் அவருடைய சபை மேடையில் ஒரு விருந்தாளிப் போதகர், சுருட்டை விட்டொழித்த சாட்சியைச் சொன்னார். ஸ்பர்ஜன் எழுந்து, இன்று இரவு படுக்கும் முன் தேவ மகிமைக்காக ஒரு நல்ல சுருட்டுப் பிடிப்பேன் என்றார். அந்த விருந்தாளியின் பெயர் என்ன தெரியுமா? பெந்தெகொஸ்து. ஜார்ஜ் பெந்தெகொஸ்து. நான் கட்டவில்லை, உண்மைப் பெயர்.

ஜீவநதி_77:
ஸ்பர்ஜன் ஐயா சுருட்டுப் பிடித்தாரா??

பெரேயா_வாசகன்:
பிடித்தார். அதற்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஜீவநதி_77:
இருங்கள் பிரதர். சரீரம் ஆலயம் அல்லவா? எங்கள் சபையில் காதில் ஒரு பொட்டுத் தங்கம் இருந்தாலே தொட்டிக்குள் இறக்க மாட்டார்கள்.

நாசரேத்துக்காரி:
அதுதான் எனக்குப் புரியாத ஒன்று. தாலியைக் கழற்றச் சொல்லும் பாஸ்டர் வீட்டு வாசலில் நிற்கிற கார் என்ன விலை? ஒரு பவுன் கம்மல் ஆகாது, ஆனால் அது ஆகும்.

ஜீவநதி_77:
எங்கள் பாஸ்டர் இன்னும் சைக்கிள்தான் சகோதரி. எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உங்கள் திருமண்டலத் தேர்தல் கோர்ட்டுக்குப் போகாத வருஷம் உண்டா?

பொறையார்க்காரன்:
நகை, கார், கோர்ட்டு எல்லாம் வேறு இடத்தில் பேசுங்கள். நான் பேசிக்கொண்டிருப்பது ஒருமை. சரி, இலக்கணம் ஏறவில்லை என்றால் அறிஞர்களிடம் போவோம். யோவாகிம் எரேமியாஸ், ஜெர்மானியர், 1958இல் முதல் நான்கு நூற்றாண்டுகளையும் அலசிப் புத்தகமே போட்டார். 'வீட்டார்' என்ற சொல்லுக்குள் சிறுபிள்ளைகளும் அடக்கம் என்று நிறுவினார். போதுமா?

பெரேயா_வாசகன்:
போதாது. 1961இல் குர்ட் ஆலண்ட் அதற்கு மறுப்பு எழுதினார். இரண்டாம் நூற்றாண்டின் முடிவுக்கு முன் குழந்தை ஞானஸ்நானத்துக்கு நேரடிச் சான்றே இல்லை என்றார். அவர் எங்கள் ஆள் அல்ல ஐயா. உங்கள் லுத்தரன். ஏறக்குறைய கி.பி. 200இல் தெர்த்துல்லியன் என்ற ஆதிச் சபை எழுத்தாளர் சிறுபிள்ளைகளுக்கு அவசரம் வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்று எழுதியதும் உங்களுக்குத் தெரியும்.

பொறையார்க்காரன்:
தள்ளிப்போடு என்று ஒருவன் சொன்னால், மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? குடிக்காதே என்று போர்டு வைத்த இடத்தில்தான் குடிக்கிறான். ஆலண்டும் கடைசியில் குழந்தைக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்லவில்லை, சரிதான் என்றார். அந்தப் பாதியை விழுங்கியது யார்?

பெரேயா_வாசகன்:
சரித்திரத்தில் இல்லை, ஆனாலும் செய்யலாம் என்றார். அதைத்தான் நாங்கள் பாரம்பரியம் என்கிறோம். ரோமாபுரி பஸ் என்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது.

பொறையார்க்காரன்:
தம்பி, போன வருஷம் தசமபாக விவாதத்தில் தோற்ற ஆத்திரத்தை இங்கே கொட்டுகிறீர்.

பெரேயா_வாசகன்:
நானா தோற்றேன்? மூன்று நாள் பதில் போடாமல் ஓடியது யார்?

பொறையார்க்காரன்:
கண் ஆபரேஷன் செய்திருந்தேன். ஓடவில்லை.

நாசரேத்துக்காரி:
அண்ணாச்சி, ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே. குரல் பதிவு போட்டது மருமகன் என்றீர்கள். உங்கள் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா? கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பிறந்ததாகச் சொன்ன ஞாபகம்.

பொறையார்க்காரன்:
எட்டு மாதம் ஆகிறது. எங்கள் அம்மா கையால் தைத்த வெள்ளை உடுப்பு, நான் உடுத்தியது, என் மகள் உடுத்தியது, பீரோவில் துவைத்து மடித்து இருக்கிறது. பையன் வளர்கிற வேகத்துக்கு இன்னும் ஒரு மாதம் போனால் கழுத்து நுழையாது. பிள்ளை பெரியவனாகித் தானே தீர்மானிக்கட்டும் என்கிறார் மாப்பிள்ளை. போலியோ சொட்டு மருந்தைப் பிள்ளையைக் கேட்டா போட்டீர் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

அது வீட்டு விஷயம். விடுங்கள். 34ஆம் வசனத்துக்கு வாருங்கள்.

ஜீவநதி_77:
ஜெபித்துக்கொள்கிறோம் ஐயா.

பொறையார்க்காரன்:
எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

பெரேயா_வாசகன்:
ஐயா, மருமகன் சொன்னதில் தப்பு என்ன? குழந்தையை ஆலயத்தில் பிரதிஷ்டை செய்து ஜெபித்தால் போதாதா? நாங்கள் செய்கிறோமே.

பொறையார்க்காரன்:
தண்ணீர் இல்லாத ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் பிரதிஷ்டை. பூ, கேக், போட்டோகிராபர் எல்லாம் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. அதற்கு வசனம் எங்கே? எந்த அப்போஸ்தலன் எந்தக் குழந்தையைப் பிரதிஷ்டை செய்தான்?

பெரேயா_வாசகன்:
அன்னாள் சாமுவேலை.

பொறையார்க்காரன்:
பழைய ஏற்பாடு! அப்போது விருத்தசேதனமும் வரும். எட்டாம் நாள். குழந்தையைக் கேட்டா செய்தார்கள்? விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துச் சொல்லும் கொலோசெயர் 2:11, 12 இரண்டையும் சேர்த்துப் படியும்.

பெரேயா_வாசகன்:
படித்தேன். 12இல் 'விசுவாசத்தினாலே' என்று இருக்கிறது. குழந்தை இருந்ததாக வசனம்?

சும்மா_வந்தேன்:
சிறைச்சாலைக்காரன் இந்நேரம் வேலையை ராஜினாமா செய்திருப்பான்.

பொறையார்க்காரன்:
விசுவாசமுள்ளவனாகி. ஒருமை. இன்றைக்குக் கண் எரிகிறது, சொட்டு மருந்து விட வேண்டும். ஆலண்டுக்கு நாளை காலை பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.