சூப் சாங் (அதான், லவ் ஃபெயிலியர் பாட்டு) கேட்டு வளர்ந்த பசங்களுக்கு லவ்வுன்னா என்னனு தெரியுமா?

மழைத்தவளை:
என் தம்பி காலேஜ் ஃபைனல் இயர். கூடப் படிக்கிற பொண்ணுகிட்ட ப்ரொபோஸ் பண்ணிருக்கான், அவ ரொம்ப டீசன்ட்டா "எனக்கு அப்படி தோணலடா"னு சொல்லிட்டா, அவ்ளோதான் மேட்டரு. ஆனா இவன் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல 'அடிடா அவள'யும் 'எவன்டி உன்ன பெத்தான்' பாட்டையும் மாத்தி மாத்தி வச்சிட்டு இருக்கான், பசங்க எல்லாம் வந்து ஹார்ட்டு விட்டுட்டு "விடு மச்சி"ங்கறானுங்க. ஏன்டா அந்தப் பொண்ணு உன்ன ஏமாத்துச்சானு கேட்டா பதிலே இல்ல. யோசிச்சுப் பாத்தா இந்த ரெண்டு பாட்டு, அப்புறம் கொலவெறி, மூணுமே 2011 வாக்குல வந்தது, அப்ப இவன் மூணாங்கிளாஸ், அர்த்தம் தெரியாமலே ஆடிட்டுத் திரிவான். பாட்டு கேட்டுதான் இப்படி ஆகறாங்களா, இல்ல உள்ள இருக்கறதுதான் பாட்டா வெளிய வருதா?

டீக்கடை பெஞ்சு:
பாட்டு மேல பழி போடாதீங்க. எங்கப்பா டெய்லி நைட்டு இளையராஜா மெலடியா கேப்பாரு, ஆனா எங்கம்மாவுக்கு ஜுரம்னா ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல. நல்ல பாட்டு கேட்டு அவரு திருந்தலன்னா கெட்ட பாட்டு கேட்டு எவன் கெடப்போறான்? அதுவுமில்லாம 2011லயா ஆரம்பிச்சுது, 1967லயே விவசாயி படத்துல எம்ஜிஆர் 'இப்படித்தான் இருக்க வேண்டும் பொம்பளே'னு கிளாஸ் எடுத்துட்டாரு.

வைகைக்கரைக்காரி:
பெஞ்சு அண்ணே, உங்கப்பா வீட்டுக்குள்ள கேட்டாரு, நான் சொல்றது ரோட்ல. பிளஸ் டூ படிக்கிறப்ப டியூஷன் விட்டா ஒருத்தன் சைக்கிள்ல பின்னாடியே வருவான், கூட வர்றவனுங்க செல்போன்ல பாட்டப் போட்டு கோரஸ் பாடுவானுங்க. முறைச்சா "மச்சி உன்னத்தான்டா பாக்குறா", அழுதுட்டே போனா "ஃபீல் பண்றாடா". பல்லவில திட்டுற ஹீரோயின் ரெண்டாவது சரணத்துல ஃபாரின் போயி அவன்கூடயே ஆடுறால்ல, அந்தக் கணக்குதான். வேணாம்னு நான் எப்படிச் சொல்லியிருந்தாலும் அது வெக்கம்னுதான் எடுத்திருப்பானுங்க. 2016ல சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல சுவாதிங்கற பொண்ணோட கொலை நடந்தப்ப சினிமாவையும் நிறைய பேரு கேள்வி கேட்டாங்க. பின்னாடி சுத்தறது குற்றம்னு 2013லயே சட்டத்துல சேத்தாச்சு, நம்ம ஹீரோக்களுக்கு யாரும் தகவல் சொல்லல போல.

பனையோலை:
இது சங்க காலத்துலயே இருக்குங்க. மடலேறுறதுனு ஒண்ணு, பொண்ணு கிடைக்கலன்னா பனைமட்டையில குதிர செஞ்சு, எருக்கம்பூ மாலை போட்டுக்கிட்டு, அவ படத்த கையில வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வர்றது, ஊரே அவ பேர பேசணும்ங்கறதுதான் ஐடியா. உங்க தம்பி ஸ்டேட்டஸ் அதேதான், அந்தப் பொண்ணு நம்பரும் அவன் லிஸ்ட்ல இருக்கும், அவளும் பாத்துட்டுதான் இருப்பா. ஆனா ஒரு விஷயம், ஏறுவேன்னு வாயால சொல்றவரைக்கும் தொல்காப்பியம் பெருசா எடுத்துக்கல, நெஜமாவே ஏறிட்டான்னா பெருந்திணைனு தனியா ஒதுக்கிடுது, அதாவது பொருந்தாக் காதல். ஒருதலைக் காதலும் கைக்கிளைனு தனியாத்தான் இருக்கு. நம்ம ஆளுங்க அந்த ரெண்டயும்தான் ஹிட் சாங் ஆக்கி வச்சிருக்காங்க.

மழைத்தவளை:
பனையோலை சார் செம, இத அப்படியே அவனுக்கு ஃபார்வர்ட் பண்றேன். சரி, அவனுக்கு வேற என்ன பாட்டுதான் சொல்றது? ஒண்ணு துரத்துறான், இல்ல தோத்துட்டு தண்ணியடிக்கிறான், சேந்து வாழ்ற பாட்டே ரொம்பக் கம்மியா இருக்கு.

வைகைக்கரைக்காரி:
அலைபாயுதே 'ஸ்நேகிதனே' இருக்கே, 2000த்துல வந்தது. எனக்கு இது வேணும் அது வேணும்னு அவளே வாயத் தொறந்து கேக்குறா, நான் அழுதா கண்ணத் தொடைக்க விரல் வேணும்ங்கறா, அவன் காது குடுத்துக் கேக்குறான். அதுலயும் விரல் இடுக்குல ஆலிவ் எண்ணெய் பூசி விடணும்னு ஒரு வரி வரும், நான் கேட்டதுக்கு எங்க வீட்டுக்காரர் ஆலிவ் ஆயில் என்ன விலை தெரியுமாங்கறாரு. நல்லெண்ணெயே போதும்னு சொல்லிட்டேன்.