வன்னிப் பெண்களோடு துணிப்படம் தைக்கிறது: எங்க தொடங்கிறது?

கேள்வி: இலங்கையில வன்னி, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தால வெளிநாட்டுக்குப் புதுசா வந்த பத்துப் பெண்கள் இஞ்ச சனசமூக நிலையத்தில கூடுகினம். நுண்கடன், வீட்டு வன்முறை, காணாமல் ஆக்கப்பட்டவை பற்றி ஒரு பெரிய துணிப்படம் செய்ய விருப்பம். என்ன வேணும்?

பதில் 1: முதல் நாளே "உங்கட கதையைச் சொல்லுங்கோ" எண்டு கேக்காதேங்கோ. ஊரில பதிவு, விசாரணை, இஞ்ச விசா நேர்காணல் எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்ச ஆக்கள். ஊசியைக் குடுத்து ஒரு கிடுகு வேலியோ பனையோ தைக்கவிடுங்கோ. கை ஓடேக்க கதை தானா வரும். வராட்டியும் காரியமில்லை.

அடித்துணிக்கு நெருக்கமா நெய்த பருத்தி பெட்சீட் போதும். தோய்ச்சுக் காயவைச்சுத்தான் வெட்டவேணும், இல்லாட்டிப் பிறகு சுருங்கும். ஒவ்வொருத்தரும் ஒரு சதுரத் துண்டு தைச்சு, எல்லாத்தையும் சேர்த்துப் பெரிய படம் ஆக்கலாம். தைச்சு முடிஞ்ச துண்டு 12 அங்குலம் வரவேணும் எண்டால் 14க்கு வெட்டுங்கோ. தைக்கத் தைக்கத் துணி உள்ளுக்கு இழுபடும். வேலை முடிய 13க்குச் சரிக்கட்டினால் நாலு பக்கமும் அரை அங்குலம் மடிக்க வரும். ஓரத்தில ஒண்டரை அங்குலத்துக்குப் பென்சில் கோடு போட்டு, அதுக்கு வெளியில ஒண்டும் தைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டித் தைச்ச உருவத்தின்ர தலை மடிப்புக்குள்ள போயிடும்.

பழைய நூல்சீலை படத்துக்கு நல்லது. நைலெக்ஸ் (செயற்கை நூல்) சீலை ஓரம் பிரியும், மினுக்கி (அயன்பெட்டி) சூட்டில உருகும். சிவப்பு, கருநீலத் துணியை ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்கோ. சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்.

மாதிரி காட்ட சிலி நாட்டு 'அர்பியேரா' இருக்கு. 1973 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு, காணாமல் போனவையின்ர வீட்டுப் பெண்கள் சாக்குத்துணியில தைச்ச படங்கள். 2017 பெப்ரவரியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கின அம்மாமாருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவை இராது.

பதில் 2: துணியில ஆக்களின்ர போட்டோ வைக்கப்போறியள் எண்டால் ஒரு விசயம். கன அம்மாமாரிட்டப் பிள்ளையின்ர ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு போகாதேங்கோ. அவையின்ர கண் முன்னால ஸ்கான் எடுத்து அப்பவே திருப்பிக் குடுங்கோ. போட்டோவைச் சூட்டால வெளிர்நிறத் துணிக்கு மாத்திற தாளில கண்ணாடி விம்பமா, இடம்வலம் மாத்தித்தான் அச்சடிக்கவேணும். மறந்தால் பேர் மறுபக்கமா வரும், அந்த அம்மாவுக்கு முன்னால அதை உரிக்கிறது நல்லாயிருக்காது. பருத்தியில நல்லா ஒட்டும். மினுக்கியில நீராவியை நிப்பாட்டி, மெத்தையில்லாத மேசையில தலையணை உறையை விரிச்சு அழுத்துங்கோ. முதல்ல ஒரு பூப் படத்தில சோதிச்சுப் பாருங்கோ.

பதில் 3: சம்மதம் வாங்கிற கையெழுத்துத் தாள் கவனம் அக்கா. வன்னியில குழுக்கடனுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை வைச்சு மாட்டுப்பட்டவைக்குத் தாளைக் கண்டாலே பயம். தமிழில ஒரு பக்கத்துக்குள்ள எழுதி, வாசிச்சுக் காட்டி, வீட்டை குடுத்துவிட்டு, அடுத்த கிழமை வாங்குங்கோ. முகம், சொந்தப் பேர், ஊர்ப்பேர், இணையத்தில போடுறது, ஒவ்வொண்டுக்கும் தனித்தனி ஓம்/இல்லை. அகதி வழக்கு முடியாதவை லோயரிட்டக் கேக்காமல் வழக்கு விபரத்தைத் துணியில போடக்கூடாது. அடி வாங்கிற பெண் தன்ர வீட்டைத் தைச்சால், அந்தத் துண்டு நிலையத்து அலுமாரியிலயே இருக்கட்டும்.

மற்றது, பதில் 1இல சொன்ன மாதிரி ஓரத்தை மடிச்சுத் தையுங்கோ, ஆனால் துண்டுகளை ஒண்டோட ஒண்டு தைக்காதேங்கோ. பக்கத்துக்கு மூண்டு நாடா வைச்சுக் கட்டுங்கோ. ஆராவது மனம் மாறினால் மற்றவையின்ரதை வெட்டாமல் தன்ரதை அவிட்டுக்கொண்டு போகலாம். மேல் வரிசைத் துண்டு ஒவ்வொண்டுக்கும் பின்னால நாலு அங்குலத் துணிக்குழாய் தைச்சுத் தடி விடுங்கோ. கிளிப்பில தொங்கவிட்டால் நடுவில தொய்யும்.