ஜேர்மனி கரடி டொபி ஹலாலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி ஜேர்மனியில் இருந்து வந்து, என் பிள்ளைகளுக்கும் ஹரிபோ கம்பனியின் கரடி வடிவ டொபி தந்தார். அன்போடு தந்ததை மறுக்க மனம் வரவில்லை. சின்னவள் சிவப்புக் கரடியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள், வாயில் வைக்க இன்னும் விடவில்லை.

1920இல் ஹான்ஸ் ரீகல் தொடங்கிய கம்பனி. துருக்கியில் செய்வதில் மாட்டு ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பில் இருந்து எடுப்பது), ஹலால் முத்திரையும் உண்டு. ஜேர்மனிக் கரடியில் பன்றி ஜெலட்டின். என்னிடம் உள்ள பக்கெட்டில் வெறும் ‘ஜெலட்டின்’ என்றுதான் இருக்கிறது. செய்த நாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹராமான பொருளும் முழுக்க வேறொன்றாக உருமாறினால் ஹலால் ஆகும், அந்த உருமாற்றம்தான் இஸ்திஹாலா என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆலிம்கள் யாராவது விளக்குங்கள். அப்புறம், ஜெலட்டினுக்குப் பதிலாக, பழத்தில் இருந்து எடுக்கும் பெக்டினில் செய்த டொபி வவுனியாவில் எங்கே கிடைக்கும்? பிள்ளையின் கையில் இருப்பதை வாங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே.