ஹெபடைடிஸ் பி: ஊசியா, மாத்திரையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் தம்பிக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). வைரஸ் அளவு அதிகம், ஈரல் நொதிகளும் ஏறியிருக்கின்றன. மருந்து தொடங்கியே ஆக வேண்டும் என்று டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்.

ஒன்று டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கத் தேவையான நொதியைத் தடுக்கும். பக்கவிளைவு குறைவு. ஆனால் ஈரல் செல்லின் கருவுக்குள் பதுங்கியிருக்கும் வைரஸ் டி.என்.ஏ.வை அதனால் அகற்ற முடியாது. அதனால் பல வருடங்கள், சிலருக்கு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். நாமாக நிறுத்தினால் ஈரல் அழற்சி மறுபடி கிளம்பலாம்.

மற்றது பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் ஊசி, வாரம் ஒன்றாக 48 வாரம். நம் எதிர்ப்பு சக்தியையே வைரஸ் மேல் தூண்டிவிடும். முடிவு தேதி உண்டு என்பதால் தம்பிக்கு இதில்தான் ஆசை. ஆனால் எல்லோருக்கும் பலிப்பதில்லை. காய்ச்சல், உடல்வலியைத் தாங்கிக்கொள்வான். மனச்சோர்வும் வரலாம் என்பதுதான் என் பயம். இப்போதே சரியாகத் தூங்குவதில்லை.

ஊசி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலைக்குப் போக முடிந்ததா, மனநிலை எப்படி இருந்தது? தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். மதுரைப் பக்கம் வாங்குபவர்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறதா?

ஹெபடைடிஸ் சி மாத்திரையில் 12 வாரத்தில் குணமாகிவிடுவதுண்டு, ஆனால் அது வேறு வைரஸ், வேறு கதை. அப்புறம், கீழாநெல்லி யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.