புதுப்பிப்பு: பார்த்திராத தாத்தா, பாட்டியைத் தேடுதல் – ஆவணங்கள் முரண்படும்போது

இறப்புப் பதிவில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், கிடைப்பதையெல்லாம் ஆண்டு வரிசையில் ஒரே தாளில் எழுதுங்கள் என்று முன்பு சொல்லியிருந்தோம். அதன்பின் அதிகம் வந்த கேள்வி இது: ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் கிடைத்தால் எதை நம்புவது?

நிகழ்வுக்கு நெருக்கமாக எழுதப்பட்டதையே முதலில் நம்புங்கள். இறப்புப் பதிவில் இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே தாளில் உள்ள வயதும் பெற்றோர் பெயரும் துக்கத்தில் இருந்த யாரோ நினைவிலிருந்து சொன்னவை. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். மகள் சொன்ன வயதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வயதும் ஒன்றல்ல. வயது 50, 60 என்று பத்தின் மடங்காக இருந்தால் அது பெரும்பாலும் உத்தேசம்தான். முன்னும் பின்னும் 5 ஆண்டுகள் சேர்த்துத் தேடுங்கள். பள்ளியிலோ வேலையிலோ சேர்வதற்காக வயதை மாற்றிச் சொல்வதும் உண்டு.

பெயரும் ஊரும் பொருந்தினால் மட்டும் போதாது. வேறொருவரின் தாத்தா நம் குடும்பத்துக்குள் நுழைவது இங்கேதான். வாழ்க்கைத்துணையின் பெயர், தொழில், கையெழுத்து ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

மரபணுச் சோதனை செய்வதானால், நீங்கள் தேடும் தாத்தா அல்லது பாட்டியின் பிள்ளைகள் உயிரோடு இருந்து, சம்மதித்தால், முதலில் அவர்களுக்கே செய்யுங்கள். அவரது மரபணுவில் பாதி அவர்களிடம் இருக்கும்; பேரப்பிள்ளையிடம் சராசரியாக 25 சதவீதமே.

புகைப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால், அந்த ஸ்டூடியோ இயங்கிய ஆண்டுகளே படத்தின் காலத்தைக் குறுக்கித் தரும்.